ஸ்ட்ராட்டில் லிப்ஸ்டிக், கோல்ட் ஃபாயில் மாதிரி பிக்கப் போட்டால் சத்தம் நிஜமாகவே மாறுமா?

ஆறுகம்பி எழுதியது:

வணக்கம் மக்களே. என்னிடம் சாதாரண ஸ்ட்ராட் வகை கிட்டார் ஒன்று இருக்கிறது. மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்), ஐந்து நிலை ஸ்விட்ச், எல்லாம் வழக்கமானதுதான். நெக் கைக்கு நன்றாகப் பழகிவிட்டதால் விற்க மனசு வரவில்லை, ஆனால் சத்தம் சலித்துவிட்டது. இரட்டைக் காயில் ஹம்பக்கர் போடு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், அது எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம், அதற்காகக் கிட்டாரைப் பிரிக்கப் போவதில்லை.

கொஞ்ச நாளாக வித்தியாசமான பிக்கப்களைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். டேன்எலெக்ட்ரோ லிப்ஸ்டிக், டெய்ஸ்கோ கோல்ட் ஃபாயில், பர்ன்ஸ் ட்ரை-சோனிக், லேஸ் அலுமிடோன் என்று பட்டியல் நீள்கிறது. வீடியோவில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி கேட்கிறது, ஆனால் வாசிக்கிற ஆளும் ஆம்பும் மைக்கும் மாறினால் ஒரே பிக்கப்பே நாலு மாதிரி கேட்குமே, அதனால் எதையும் நம்ப முடியவில்லை. உள்ளே இருக்கும் காந்தமும் காயில் வடிவமும் மேல் மூடியும் சத்தத்தை உண்மையிலேயே மாற்றுகின்றனவா, இல்லை பார்க்க அழகாக இருப்பதற்குத்தான் காசு கொடுக்கிறோமா? லிப்ஸ்டிக்குக்கு 4 கிலோ ஓம் சொச்சம் என்று போட்டிருக்கிறார்கள், ஹம்பக்கருக்கு 8 என்கிறார்கள், அப்படியானால் லிப்ஸ்டிக் பாதி சத்தம்தான் வருமா?

இன்னொன்று. நான் கொஞ்சம் கர்நாடக இசையும் வாசிப்பேன், கமகத்துக்குக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான். இழுக்கும்போது நடுவில் ஓரிடத்தில் சத்தம் சட்டென்று இறங்கி மறுபடி ஏறுகிறது. அதற்கு ஏற்ற டிசைன் ஏதாவது உண்டா?

ரிட்சி_தெரு எழுதியது:

முதலில் அந்தக் கிலோ ஓம் கணக்கை மறந்துவிடுங்கள். அது காயிலில் சுற்றிய வயரின் மின்தடை, அவ்வளவுதான். மெல்லிய வயரைச் சுற்றினால் அதே சுற்றுக்கு எண் கூடிவிடும், சத்தம் அதே விகிதத்தில் கூடாது. கடைக்காரர்கள் அதைப் போடுவதற்குக் காரணம், பத்து ரூபாய் மீட்டரை வைத்தாலே அளந்துவிடலாம் என்பது.

சத்தத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காயிலின் இன்டக்டன்ஸும் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்) அதோடு சேரும் கெப்பாசிட்டன்ஸும்தான் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம்). கெப்பாசிட்டன்ஸ் என்றால் காயிலுக்குள்ளே இருப்பது மட்டுமில்லை, உங்கள் கேபிளும் சேர்த்தி. சாதாரண கேபிள் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் அளவில் வரும். இவை இரண்டும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு உண்டாகி அங்கே ஒரு மேடு எழும்பும், அதற்கு மேலே எல்லாம் சரிந்துவிடும். ஸ்ட்ராட் பிக்கப்பை 2.4 ஹென்றி என்று வையுங்கள், கேபிளோடு சேர்த்து 600 பிக்கோஃபாரட், மேடு சுமார் 4.2 கிலோஹெர்ட்ஸில் விழும். 4.5 ஹென்றி ஹம்பக்கரை அதே கேபிளில் சொருகினால் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். ஸ்ட்ராட் பளிச்சென்று மின்னுகிறது, ஹம்பக்கர் தடிமனாக இருக்கிறது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த மேடு எங்கே இருக்கிறது, எவ்வளவு கூர்மை என்பதுதான்.

மூடிக்கும் வேலை உண்டு. காயிலைச் சுற்றி உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் ஓடி அந்த மேட்டை மழுக்கும். பித்தளை நன்றாக மின்சாரம் கடத்தும், அதனால் அதிகம் மழுக்கும். நிக்கல் சில்வர் குறைவாக. ஆக மூடி அழகுக்கு மட்டும் என்பது சரியில்லை.

காசு செலவழிக்கும் முன் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வாங்கி, பிக்கப்பின் ஹாட் வயருக்கும் (சிக்னல் போகும் வயர்) கிரவுண்டுக்கும் நடுவே வையுங்கள். ரிட்சி தெருவில் அதன் விலையைவிட மெட்ரோ டிக்கெட் அதிகம். மேலே சொன்ன கணக்கில் மேடு 4.2-இலிருந்து 2.6 கிலோஹெர்ட்ஸுக்கு வந்துவிடும், கிட்டார் மூக்கால் பேசத் தொடங்கும். டோன் நாப் திருப்புவது மாதிரி மங்கலாகாது, மேடு அப்படியே இருக்கும், இடம் மட்டும் மாறும். 470 பிக்கோஃபாரட் போட்டால் நடுத்தரம். அதில் உங்கள் காது திருப்தியானால் புது பிக்கப்பே வேண்டாம்.

மெழுகுப்பானை எழுதியது:

ரிட்சி அண்ணன் சொல்வது கணக்காகச் சரி, ஆனால் கெப்பாசிட்டரால் இறக்கத்தான் முடியும், ஏற்ற முடியாது. லிப்ஸ்டிக்கின் கதை ஏற்றுகிற கதை.

நேதன் டேனியல் 1950-களில் டேன்எலெக்ட்ரோ கிட்டார்களைச் செய்தபோது செலவைக் குறைப்பதுதான் அவர் குறி. சியர்ஸ் கடைகளில் சில்வர்டோன் என்ற பெயரில் விற்றவை, உடம்பே மேசோனைட் பலகை. பிக்கப்புக்கும் அதே சிக்கனம். ஒரு அல்நிகோ பட்டைக் காந்தம், அதன்மேல் நேரடியாக வயரைச் சுற்றி, டேப் ஒட்டி, லிப்ஸ்டிக் குழாய்க்குள் தள்ளிவிட்டார். உருவகம் இல்லை, ஆரம்பத்தில் நிஜ லிப்ஸ்டிக் குழாய்கள்தான். உள்ளே கம்பிக்கு ஒன்றாகத் தனித்தனி காந்தக் குச்சிகள் கிடையாது, வயர் சுற்றும் போபின் சட்டம் கிடையாது, இரும்பும் கிடையாது. சுற்றும் குறைவு, இன்டக்டன்ஸும் குறைவு, அதனால் மேடு உயரத்தில் போய் உட்காரும், ஆனால் உலோகக் குழாய் அதை மழுக்கிவிடும். இரண்டும் சேர்ந்து கண்ணாடி மாதிரி தெளிவாக, ஆனால் காதைக் குத்தாத ஒரு சத்தம் வருகிறது. ஸ்ட்ராட் பிரிட்ஜ் பிக்கப்பின் ஊசிக் குத்தல் அதில் இல்லை.

முக்கியமான விஷயம் இது: பழைய டேன்எலெக்ட்ரோவில் ஸ்விட்சை நடுவில் வைத்தால் இரண்டு பிக்கப்பும் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) இணையும், நம் ஸ்ட்ராட் மாதிரி பேரலலில் (பக்கம் பக்கமாக) இல்லை. அதனால் தனியாக மெலிந்து ஒலிப்பது சேர்ந்ததும் கனமாகிவிடும். லிப்ஸ்டிக்கை ஸ்ட்ராட்டில் போட்டுவிட்டு 'வீடியோவில் வந்த சத்தம் வரவில்லையே' என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள். ஸ்ட்ராட்டில் லிப்ஸ்டிக் புதிதும் இல்லை. ப்ளூஸ் கிட்டார்காரர் ஸ்டீவி ரே வானுக்கு டாலஸில் கடை வைத்திருந்த சார்லி விர்ஸ் செய்துகொடுத்த வெள்ளை கிட்டாரில் மூன்றும் டேன்எலெக்ட்ரோ லிப்ஸ்டிக்தான். ஸ்ட்ராட் அளவிலேயே செய்மோர் டங்கன் லிப்ஸ்டிக் விற்கிறார்கள், பிக்கார்டை அறுக்க வேண்டாம்.

கோல்ட் ஃபாயில் பற்றி. அந்தப் பெயரில் ஒரே டிசைன் என்று ஒன்று கிடையவே கிடையாது. தங்க நிறத் தாள் மேலே தெரிகிறது, அதன் கீழே என்ன இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. ஜப்பானின் டெய்ஸ்கோ ஒரு மாதிரி, ஹார்மனி கிட்டார்களுக்காக ஒஹாயோவின் டொலீடோவில் ரோ இண்டஸ்ட்ரீஸ் செய்த டிஆர்மண்ட் இன்னொரு மாதிரி. டெய்ஸ்கோ வகையில் ரப்பர் கலந்த ஃபெரைட் காந்தம், அல்நிகோ குச்சி போலக் கம்பியை இழுக்காது. கம்பி சுதந்திரமாக ஆடும், கிட்டே கொண்டுபோய் வைக்கலாம். ஸ்லைடு வாசிக்கும் ரை கூடரின் 'கூடர்காஸ்டர்' கிட்டாரில் கழுத்துப் பக்கம் இருப்பது டெய்ஸ்கோ கோல்ட் ஃபாயில், பிரிட்ஜ் பக்கம் வால்கோ செய்த லேப் ஸ்டீல் பிக்கப். அவர் ஸ்லைடைக் கேட்டுவிட்டுத்தான் ஊரே கோல்ட் ஃபாயிலுக்குப் பின்னால் ஓடியது, பத்து டாலர் கிட்டாரிலிருந்து பிடுங்கிய பிக்கப்புக்கு இன்று ஒரு புது கிட்டார் விலை சொல்கிறார்கள், அது எனக்கு வயிற்றெரிச்சல்.

பழையதை வாங்கினால், காயில் அதிராமல் இறுகுவதற்காக மெழுகில் முக்கியிருக்க மாட்டார்கள். ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் மூடியைத் தட்டுங்கள், ஆம்பில் 'டொக்' என்று கேட்கும். அதுதான் மைக்ரோஃபோனிக். நானே கிட்டார் உடம்பின் சத்தம் கொஞ்சம் உள்ளே வருவதற்காக அதை விரும்பி வைத்திருக்கிறேன், என் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இதை நான் மெழுகில் போட மாட்டேன்.

ரிட்சி_தெரு எழுதியது:

வீட்டில் சின்ன ஆம்பில் வாசிக்கும்வரை சரி. மேடையில் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்ததும் கீச்சென்று கத்தும், அப்போது மெழுகைத் தேடுவீர்கள். குயீன் இசைக்குழுவின் பிரையன் மே என்ன செய்தார்? 1963-இல் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே கிட்டார் செய்ய ஆரம்பித்தவர், நெக்குக்கே பழைய கணப்பின் மரச்சட்டம். பிக்கப் மட்டும் கடையில் வாங்கிய பர்ன்ஸ் ட்ரை-சோனிக், போபின் இல்லாமல் சுற்றிய அகலமான காயில். அது கத்துகிறது என்று உள்ளே அரால்டைட் பசை ஊற்றி இறுக்கிவிட்டார். அவர் சத்தத்தில் உயிர் போய்விட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அந்தக் கிட்டாரில் பிக்கப்பைவிட வயரிங்தான் விசித்திரம். மூன்றும் சீரிஸில், ஒவ்வொன்றுக்கும் ஆன்-ஆஃப் ஸ்விட்ச் ஒன்று, ஃபேஸ் மாற்ற ஒன்று, மொத்தம் ஆறு. இரண்டு பிக்கப்பை எதிர் ஃபேஸில் சேர்த்தால் அடிப்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய், பாடுகிற மாதிரி ஒரு நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். நீங்கள் கேட்கும் 'வித்தியாசமான' சத்தத்தில் பாதி இப்படி ஸ்விட்சிலேயே கிடைக்கும்.

எண்ணெய்ச்சட்டி எழுதியது:

கமகக் கேள்வியை ஒருவரும் தொடவில்லையே. அதுதான் இந்தத் திரியிலேயே சுவாரசியமானது.

நீங்கள் சொல்லும் இறக்கம் கம்பி ஒரு காந்தக் குச்சியின் தலையை விட்டு விலகி அடுத்த குச்சியை எட்டாமல் நடுவில் நிற்கும்போது வருவது. ராக் வாசிக்கிறவர் ஒரு தடவை இழுத்து மேலே போய்விடுவார், காதில் விழாது. தோடி ராகத்தின் காந்தாரத்தை ஆட்டும்போது கம்பி அந்தப் பள்ளத்தின் மேல் போய்ப்போய் வரும், சத்தமும் ஏறி இறங்கும், கமகத்துக்கு மேல் இன்னொரு கமகம். அதோடு ஸ்ட்ராட்டில் அல்நிகோ காந்தமே குச்சியாக நிற்பதால் இழுவிசை பலம். பிக்கப்பை மிக உயர்த்தி வைத்தால் தடித்த கம்பி மேல் ஃபிரெட்டுகளில் தள்ளாடும், ஒரே சுரத்துக்குள் இரண்டு சுருதி கேட்கும். அதனால் முதல் வைத்தியம் இலவசம்: பிக்கப்பை இறக்குங்கள். தூரம் கூடினால் காந்தப்புலம் பரவிப் பள்ளமும் ஆழம் குறையும், தள்ளாட்டமும் போகும். சத்தம் குறைந்தால் ஆம்பைக் கூட்டுங்கள்.

அடுத்தது பிளேடு. ஆறு குச்சிக்குப் பதிலாக ஒரே நீளமான பட்டை, கம்பி எங்கே போனாலும் கீழே இரும்பு இருக்கும். இது இன்றைக்கு வந்த சங்கதி இல்லை. 1936-இல் கிப்சன் வெளியிட்ட இ.எஸ்-150 கிட்டாரில் இருந்ததே இதுதான், பின்னால் ஜாஸ் கிட்டார்காரர் சார்லி கிறிஸ்டியன் வாசித்ததால் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. காயிலின் நடுவே எஃகு பிளேடு, கீழே கிட்டாரின் வயிற்றுக்குள் இரண்டு நீளமான காந்தங்கள், மேலே தெரிகிற மூன்று திருகுகள் அந்தப் பாரத்தைத் தாங்குகின்றன. சிலவற்றில் இரண்டாவது கம்பிக்குக் கீழே மட்டும் பிளேடை அரைத்துப் பள்ளம் விட்டிருப்பார்கள். அந்தக் காலத்து செட்டில் மூன்றாவது கம்பி சுருள் சுற்றியது, இரண்டாவதுதான் வெற்று எஃகில் தடித்தது, அதனால் அது மட்டும் ஓங்கி ஒலித்தது. நம் ஸ்ட்ராட்டில் மூன்றாவது கம்பிக்கு மட்டும் காந்தக் குச்சி உயர்ந்து நிற்பதும் இதே மாதிரி ஒரு பழைய கணக்கு, இன்று எல்லோரும் வெற்றுக் கம்பி போட்டுவிட்டோம், குச்சியை மட்டும் யாரும் இறக்கவில்லை.

லிப்ஸ்டிக்கிலும் உள்ளே ஒரே பட்டைக் காந்தம் என்பதால் இந்தப் பள்ளம் இருக்காது. ஆறுகம்பிக்கு அது ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

என் பெயரைப் பார்த்துக் கேட்பவர்களுக்கு: ஆம், ரிக்கன்பேக்கரின் முதல் மின்கிட்டார்தான். அலுமினியத்தில் வார்த்த லேப் ஸ்டீல், வாணலி மாதிரி இருப்பதால் அந்தச் செல்லப்பெயர். ஜார்ஜ் போஷாம்ப் வடிவமைத்த அதன் பிக்கப்பில் இரண்டு குதிரை லாடக் காந்தங்கள் கம்பிகளின் மேலாக வளைந்து நிற்கும், கம்பி காந்தத்துக்குள்ளேயே ஓடும். காப்புரிமை 1937-இல்தான் கைக்கு வந்தது. அதாவது 'வழக்கத்துக்கு மாறான' பிக்கப்தான் முதலில் வந்தது, வழக்கம் அப்புறம் வந்தது. வலது கை ஓய்வெடுக்க இடமில்லை என்பதைத் தவிர அதில் எனக்குக் குறையே கிடையாது.

ஆறுகம்பி எழுதியது:

அடேயப்பா, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. பிக்கப்பை இறக்கிப் பார்த்தேன், எண்ணெய்ச்சட்டி அண்ணா சொன்ன மாதிரியே பள்ளம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. கெப்பாசிட்டரும் முதலைக் கிளிப் வைத்து மாட்டிப் பார்த்தேன், நடு பிக்கப்பில் பிடித்திருந்தது, பிரிட்ஜில் பிடிக்கவில்லை.

ஒரு கூடுதல் கேள்வி. காந்தமே இழுக்கிறது, காயிலே மேடு போடுகிறது என்றால் இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டு ஆப்டிகல், பீசோ, ஆக்டிவ் பக்கம் போனால் என்ன? அதுதானே சுத்தமான சத்தம்?

நடுராத்திரி_ஆம்ப் எழுதியது:

சுத்தமான சத்தம் வேண்டும் என்று நினைக்கிறீர்கள், வந்ததும் வேண்டாம் என்பீர்கள்.

மின்கிட்டார் சத்தம் என்று நம் காதில் பதிந்திருப்பதே அந்த மேடும் அதற்கப்புறம் வரும் சரிவும்தான். கிட்டார்காரர் லெஸ் பால் ஆயுசு முழுக்க லோ இம்பீடன்ஸ் பிக்கப்தான் சிறந்தது என்று பிடிவாதமாக இருந்தவர். சுற்றுக் குறைந்த காயில், நீளமான கேபிள் போட்டாலும் ட்ரெபிள் போகாது, இரைச்சலும் கம்மி, ஸ்டூடியோ மேசையில் நேராகச் சொருகலாம். கிப்சனும் அவர் பேச்சைக் கேட்டு 1969-இல் பர்சனல், புரொஃபெஷனல், 1971-இல் ரெக்கார்டிங் என்று மாடல்கள் போட்டார்கள். பொறியியலாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. வாங்கத்தான் ஆள் இல்லை, ஆம்பில் போட்டுக் கதற விட நினைத்தவர்களுக்கு அது ரொம்ப நல்ல பிள்ளையாக இருந்தது. பேஸில் மட்டும் அந்த யோசனை நன்றாகப் பிழைத்தது, எபிஃபோனின் ஜாக் காசிடி பேஸில் இன்றும் லோ இம்பீடன்ஸ் பிக்கப்தான்.

இ.எம்.ஜி. என்ற பிக்கப் கம்பெனி அதே குறைந்த சுற்றுக் காயிலோடு ஒரு ப்ரீஆம்பை உள்ளேயே வைத்து, 9 வோல்ட் பேட்டரி போட்டு, சத்தத்தையும் தாங்களே வடிவமைத்துக் கொடுத்தார்கள். மெட்டல்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஃபிஷ்மன் ஃப்ளூயன்ஸில் வயரே சுற்றுவதில்லை, சர்க்யூட் போர்டில் அச்சடித்த காயிலை அடுக்கடுக்காக வைக்கிறார்கள். அலுமிடோன் இன்னும் வேடிக்கை: அலுமினியச் சட்டமே ஒற்றைச் சுற்றுக் காயில், ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் அதைப் பெருக்குகிறது. எடை சுண்டைக்காய். இவை எல்லாவற்றிலும் கவனியுங்கள், மேட்டை ஒழித்த பிறகு ஏதோ ஒரு வழியில் திரும்பச் சேர்த்துத்தான் விற்கிறார்கள்.

ஆப்டிகல் அடிப்படையிலேயே வேறு. ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் அகச்சிவப்பு விளக்கும் ஒரு சென்சாரும், கம்பியின் நிழல் ஆடுவதைப் படிக்கிறது. காந்தப் பிக்கப் கம்பியின் வேகத்தைப் படிக்கிறது, இது இருக்கும் இடத்தைப் படிக்கிறது. அதனால் அடிப்பகுதி தூக்கலாகவும் மேல்பகுதி அடங்கியும் வரும், சரிக்கட்ட மின்னணு வேண்டும். இழுவிசை பூஜ்யம், ஹம் பூஜ்யம், நைலான் கம்பியும் வேலை செய்யும். கமகத்துக்குக் காகிதத்தில் இதுதான் உத்தமம். ஆனால் உங்கள் பிரிட்ஜையே மாற்ற வேண்டும், கம்பியை ரொம்ப இழுத்தால் சென்சாரின் பார்வையை விட்டே போகக்கூடும் என்பதால் அதைப் பிரிட்ஜுக்கு ஒட்டித்தான் வைப்பார்கள், அங்கே ஆட்டம் குறைவு. பீசோவும் பிரிட்ஜ் சேடிலின் அடியில் அழுத்தத்தைப் படிப்பது, அகூஸ்டிக் சாயல் வரும், பலமாகத் தட்டினால் வாத்து மாதிரி கத்தும். காந்தப் பிக்கப்போடு கலந்து வாசித்தால் அருமை, தனியாக எனக்குச் சகிக்காது.

பழைய ஸ்ட்ராட்டுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பது என் கருத்து. நெக்கில் ஒரு லிப்ஸ்டிக், நடுவில் இருப்பது அப்படியே, பிரிட்ஜில் சிங்கிள் காயில் அளவு ரெயில் பிக்கப் ஒன்று.

மெழுகுப்பானை எழுதியது:

ரெயில் வேண்டாம், பெரும்பாலும் அது ஹம்பக்கரைக் குறுக்கி வைத்தது, அவர்தான் ஹம்பக்கர் சத்தம் வேண்டாம் என்றாரே. நெக்கிலும் பிரிட்ஜிலும் லிப்ஸ்டிக் போட்டு, இரண்டையும் சீரிஸில் சேர்க்க ஒரு புஷ்-புல் பாட் (இழுத்தால் ஸ்விட்சாகும் நாப்).

ஆறுகம்பி எழுதியது:

மெழுகுப்பானை சொன்னதையே செய்யப் போகிறேன், இரண்டு லிப்ஸ்டிக் ஆர்டர் போட்டாயிற்று. நடு பிக்கப் பழையது, 1 நானோஃபாரட்டோடு. பழையதும் புதியதும் சேரும்போது ஃபேஸ் இடிக்கும் என்று எங்கோ படித்தேன், பற்றவைக்கும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா?

ரிட்சி_தெரு எழுதியது:

முடியும். மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, சிவப்பை ஹாட் வயரிலும் கறுப்பை கிரவுண்டிலும் பிடியுங்கள். கனமான ஸ்க்ரூ டிரைவரின் தண்டைப் பிக்கப்பின் மேல் படுக்க வைத்து, சட்டென்று மேலே தூக்குங்கள். எண் ஒரு கணம் பிளஸ்ஸிலோ மைனஸிலோ குதிக்கும், டிஜிட்டல் மீட்டரில் கண் சிமிட்டாமல் பார்க்க வேண்டும், முள் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. மூன்று பிக்கப்பும் ஒரே பக்கம் குதித்தால் ஃபேஸ் சரி. ஒன்று எதிர்ப்பக்கம் போனால் அதன் இரண்டு வயரையும் மாற்றிப் போடுங்கள். ஆனால் லிப்ஸ்டிக்கில் மாற்றும் முன் அதன் உலோகக் குழாய் கிரவுண்டு வயரோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் அந்த இணைப்பை வெட்டிக் குழாய்க்குத் தனியாக ஒரு கிரவுண்டு வயர் இழுக்க வேண்டும், இல்லையென்றால் குழாயே ஹாட் ஆகிவிடும், கை பட்டாலே ஆம்ப் உறுமும். சீரிஸ் ஸ்விட்ச் போடுவதாலும் இதே வேலை, சீரிஸில் கிரவுண்டை நேரடியாகத் தொடாத பிக்கப்புக்குக் கட்டாயம். குழாய்க்குள் இருக்கும் வயர் முடி மாதிரி மெல்லியது, டேப்பைப் பிரிக்கும்போது இழுத்துவிடாதீர்கள்.